வாடகை நாலாயிரம்

வீட்டுக்காரி செல்லியம்மாளின் குக்கரில் அடிப்பிடித்த பருப்பைக் கனகவல்லி சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான், இரண்டு வாரமாக அவள் எதிர்பார்த்திருந்த கணக்கெடுப்புப் பெண் வந்து சேர்ந்தாள். கையில் டேப்லெட் கணினி, கழுத்தில் அட்டை. அட்டையில் வினிதா என்று இருந்தது. பெருங்களத்தூர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளை அறுபது வீடு கட்டுகிறதாம், வாடகை கொடுத்து மாளாதவர்களுக்கு. இரும்புலியூரில் அந்தச் சந்து முழுக்க அதே பேச்சுதான்.

பட்டியலில் எப்படியாவது பெயர் வந்துவிட வேண்டுமென்று கனகவல்லி தவித்தாள். இப்போது இருப்பது செல்லியம்மாளின் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. பத்தாவது படிக்கிற மகள் தமிழினி மாடிப்படியில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுகிறாள்.

"வருமானம் எவ்ளோக்கா?"

"மேடவாக்கத்துல அபார்ட்மென்ட்டு கூட்டித் தொடைக்கறேன். பதினாலாயிரம்."

"வாடகை?"

"நாலாயிரம்." மாடியை ஒரு பார்வை பார்த்தாள். செல்லியம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கனகவல்லி குரலைத் தாழ்த்தினாள். "அது மட்டும் இல்லம்மா. காலீல அஞ்சு மணிக்கே எந்திரிச்சி இந்தம்மா வூட்டுப் பாத்திரம், துணி, வாசல் எல்லாம் நாந்தான். சம்பளம் கெடையாது. செய்யலன்னா வாடகை ஏழாயிரம்னு சொல்லித்தான் வுட்டாங்க. அதையும் எழுதிக்கயேன்."

வினிதா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பாவம், அதற்கொரு கட்டம் இருக்கிறதா என்று அவளும் தேடத்தான் செய்தாள்.

"பணமா குடுக்கறத மட்டும்தான் போட முடியும்க்கா. வருமானத்துல நூத்துக்கு முப்பதுக்கு மேல போனாத்தான் லிஸ்ட்ல வரும். உங்களுக்கு நாலாயிரத்து இருநூறு தாண்டணும். தாண்டலன்னா வாடகை கட்டுப்படியாகுதுன்னு அர்த்தம்."

"இன்னாம்மா கட்டுப்படி? ஆறு வருசமா இந்தக் கை தேயுதே, அது கணக்குல வராதா?"

வினிதா பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

செல்லியம்மாள் கீழே இறங்கி வந்தாள். "கேட்டுகினுதான் இருந்தேன் கனகா. உனக்குக் கட்டுப்படியாகுதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டுப் போவுது. வர்ற மாசத்துலேர்ந்து நாலாயிரத்து ஐநூறா குடுத்துடு."

அடுத்த நொடியே கனகவல்லிக்குக் கணக்கு உறைத்தது. நாலாயிரத்து ஐநூறு! ஈரக் கையோடு சந்தில் ஓடி, மூன்றாவது வீட்டு வாசலில் வினிதாவைப் பிடித்தாள்.

"அம்மாடி, வாடகை ஏறிடுச்சு! நாலாயிரத்து ஐநூறு! மாத்திப் போட்டுடு கண்ணு!"

"போன மாசம் குடுத்த வாடகையத்தான் கேக்கறாங்கக்கா. அனுப்பினதும் திரும்பத் தொறக்காது." வினிதா திரையைத் திருப்பிக் காட்டினாள். கனகவல்லியின் பெயருக்கு எதிரே பச்சையில் ஒரு டிக் இருந்தது. கீழே, 'வாடகைச் சுமை இல்லை'.

"கனகா! குக்கரு அப்டியே கெடக்குது பாரு!"

அவள் திரும்பி நடந்தாள். குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, பருப்பை விட்ட இடத்திலிருந்து சுரண்டத் தொடங்கினாள்.