வாகை மரத்துக்கு வாய்தா

வீரபாகு அண்ணாச்சிக்கு உலகத்தில் இரண்டே தொல்லைகள். ஒன்று ஜப்பான்காரன். மற்றது பக்கத்து வீட்டு வாகை மரம். ஜப்பான்காரன் இன்னும் தூத்துக்குடிக்கு வந்து சேரவில்லை. மரமோ மதிலைத் தாண்டி வந்து வருஷக்கணக்காகிவிட்டது.

மரம் முளைத்தது கணக்கு வாத்தியார் சுதர்சனத்தின் கொல்லையில். வளர்ந்தபோது அதற்கு என்ன தோன்றியதோ, வீரபாகுவின் முற்றத்துப் பக்கமாகச் சாய்ந்துகொண்டது. வீரபாகு மிளகாய் வத்தல் வியாபாரி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வரும் வத்தலை, முற்றத்தில் வெயில் விழும் பாதியில் காயப் போட்டு, மதிலோரத்துக் குடோனில் அடுக்குவார். காற்றடித்தால் பொடிப்பொடியாக வாகையிலை வத்தல்மேல் உதிரும். உடனே மதிலோரம் போய் நின்றுகொள்வார்.

"சார்வாள்! என் வத்தலை வாங்குதவன் வாகையிலையையும் சேத்துக் குழம்பு வைக்கணுமா?"

"காத்துக்கு நான் உத்தரவு போட முடியுமா, அண்ணாச்சி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

"காத்தை விடுங்க. மரத்தை வெட்டலாம்லா?"

"வெட்டறதாவது! நான் ஆழ்வார்திருநகரியிலேர்ந்து இந்த ஆத்துக்குக் குடிவந்த வருஷம் வெச்ச மரம்."

அத்தோடு அன்றைய வழக்கு முடியும். வீரபாகு மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, முற்றத்தின் மறுபாதியில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண் சொக்கும் வரை மரத்தை ஏசுவார்.

"ஏசுறதையாவது வெயில்ல போய் நின்னு ஏசலாம்லா. அது நிழல்லயே படுத்துக்கிட்டு அதையே ஏசுதியளே" என்பாள் அவர் மனைவி சண்முகவடிவு.

அதற்குள் அவரிடமிருந்து குறட்டை வந்துவிடும்.

அந்த வருஷம் ஆனிக் காற்று பேயாக அடித்தது. ஒரு நாள் முற்பகலில் மரத்தின் கொப்பு ஒன்று முறிந்து குடோன் கூரைமேல் விழுந்தது. ஓடுகள் நொறுங்கின. கீழே வத்தல் அள்ளிக்கொண்டிருந்த சண்முகவடிவு ஓர் எட்டு தள்ளி நின்றதால் பிழைத்தாள்.

சத்தம் கேட்டு வாத்தியார் ஓடி வந்தார். மதிலோரமாக அல்ல, தெருவைச் சுற்றி வாசல் வழியாகவே வந்தார். அந்த வீட்டுக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. உடைந்த ஓடுகளையும் சண்முகவடிவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போறும் அண்ணாச்சி. இன்னிக்கு ஓட்டோட போச்சு. நாளைக்கு மனுஷா தலையில விழுந்தா நான் எந்த முகத்தை வெச்சுண்டு இங்க குடியிருக்கறது? நீங்களே நல்ல ஆளாப் பார்த்து மரத்தை வெட்டிடுங்கோ. கட்டையும் உங்களுக்கே."

இந்த வழக்கில் பேசுவதற்கென்று வீரபாகு எத்தனையோ வாதங்களைச் சேர்த்து வைத்திருந்தார். எதிராளி திடீரென்று ஒப்புக்கொண்டதில் அத்தனையும் வீணாகப் போயிற்று. "சரி, சார்வாள்" என்று மட்டும் சொன்னார்.

ஆள் பார்ப்பது லேசாக இல்லை. கோடரியோடு வந்த விறகுவெட்டிகள் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இந்தப் பக்கம் குடோன், அந்தப் பக்கம் வாத்தியார் வீட்டுக் கிணறு, நடுவில் மதில். "இது சாய்ஞ்சா எங்க தலைமேலதான் சாயணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைசியில் துறைமுகத்தில் விசாரித்துச் சிலுவையைப் பிடித்தார் வீரபாகு. புன்னைக்காயல்காரன். கடலில் தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து தோணிக்குச் சரக்கு இறக்குவதில் கெட்டிக்காரன் என்று பெயர். யுத்தத்தால் கப்பல் வரத்துக் குறையவே, கப்பியையும் கயிற்றையும் இரண்டு மச்சான்மாரையும் கூட்டிக்கொண்டு மரவேலைக்கு வந்துவிட்டான். எந்தக் கப்பல்காரனோ கழித்துப் போட்ட தொப்பி ஒன்றை எப்போதும் தலையில் வைத்திருப்பான். மரியாதைக்குக்கூடக் கழற்ற மாட்டான்.

"வெட்டுதவன் விறகுவெட்டி அண்ணாச்சி. நான் மரம் இறக்குதவன். உச்சியில கப்பியைக் கட்டி, கொப்பு கொப்பா அறுத்து, பச்சப்புள்ளையத் தொட்டில்ல கிடத்துத மாதிரி கீழ கொண்டாந்துருவேன். ஒரு ஓடு அசையாது. எனக்குக் கூலி வேண்டாம், கட்டையத் தந்தாப் போதும்."

யுத்த காலத்தில் விறகு விற்ற விலைக்கு அது அவனுக்கு நல்ல பேரம்தான். வீரபாகுவுக்கும் சம்மதம். நாள் குறித்தார்கள்.

குறித்த நாளில் சிலுவை வந்தான். வீரபாகு கயிற்றை இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இது தாங்குமா?"

"இதுல மில்லுக்கு வந்த இயந்திரத்தையே இறக்கியிருக்கேன்."

"இயந்திரம் வேற. வாகை வேற."

புதுக் கயிறு கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். புதுக் கயிற்றோடு வந்த அன்று செவ்வாய்க்கிழமையாகப் போயிற்று. அடுத்த தடவை காற்று பலமாக இருந்தது. அதற்கடுத்த தடவை காற்றே இல்லை. காற்றில்லாத நாளில் மரம் பாரமாக இருக்கும் என்றார் வீரபாகு. அப்படி ஒரு சங்கதியைச் சிலுவை தன் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை.

"அண்ணாச்சி, என்னைய மரம் இறக்கக் கூப்பிட்டியளா, பரீட்சை எழுதக் கூப்பிட்டியளா? இன்னும் ரெண்டு தடவை வந்தா மரமே என்கிட்டச் சொகம் விசாரிக்கும் போலிருக்கு!"

அவன் போனதும் சண்முகவடிவு சொன்னாள்: "பொண்ணு பாக்க வாரவுக மாதிரி வந்து வந்து போறாக. தட்டு எப்பம் மாத்தப் போறிய?"

"ஏளா, ஆள வேலைக்கு வைக்கதுன்னா நாலும் விசாரிக்கணும். யாவாரம் தெரியாமப் பேசாத."

"எனக்கு யாவாரம் தெரியாது. உங்க கட்டிலு எங்கன கிடக்குன்னு தெரியும்."

வீரபாகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கமும் நிலைமை சுகமில்லை. வாத்தியார் காலையில் கிணற்றடிக்குப் போனால் மரத்தைப் பார்த்தபடியே நின்றுவிடுவார். வாளியில் தண்ணீர் ஆடி அடங்கிவிடும்.

"வெட்டுங்கோன்னு நீங்களே சொல்லிட்டு வந்தாச்சு. இனிமே பெருமூச்சு விட்டு என்ன லாபம்?" என்று கேட்டாள் அவர் மனைவி ஆதிலக்ஷ்மி.

"யார் பெருமூச்சு விட்டா? நான் பிராணாயாமம் பண்றேன்."

"கிணத்தடியிலயா?"

மதிலுக்கு இந்தப் பக்கம் வீரபாகு கனைப்பது கேட்டது. வாத்தியார் வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

சாக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாத ஒரு சனிக்கிழமை வந்தது. கயிறு புதிது. காற்று மட்டாக இருந்தது. சிலுவை விடிந்ததுமே வந்து, வீரபாகு பல் துலக்கி முடிப்பதற்குள் உச்சிக்கு ஏறிவிட்டான். மச்சான்மார் கீழே கயிற்றைப் பிடித்தார்கள். தெருவில் பாதிப் பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். வாத்தியார் தம் பக்கத்தில் மேல்துண்டை இறுக்கிக் கட்டி, கையைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

முதலில் பட்டுப்போன கொப்பு ஒன்று இறங்கியது. சிலுவை சொன்னதில் பொய்யில்லை. இரண்டு ஆள் கனமுள்ள கட்டை, ஆடாமல் அசையாமல் இறங்கி, தரையில் தலையைச் சாய்த்தது. கூட்டம் 'ஆகா' என்றது. சிலுவை மேலேயிருந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

பிறகு முற்றத்தின்மேல் குடைபிடித்து நின்ற பெரிய பச்சைக் கொப்புக்கு வந்தான். அறுப்பதற்கு வாகாக முதலில் சிறு கிளைகளைக் கழித்தான். கிளைகள் விழ விழ, முற்றத்தில் அதுவரை வெயில் படாத இடத்தில் வெயில் விழுந்தது. கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. அப்படியே ஏறித் தலைமாட்டுக்கு வந்தது. கட்டில் கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் வெள்ளையாகக் கண்ணில் குத்தியது. வீரபாகு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சிலுவை ரம்பத்தைக் கொப்பில் வைத்தான்.

"ஏலே, நிப்பாட்டு!"

ரம்பம் நின்றது.

"என்ன அண்ணாச்சி, கயிறா?"

"கயிறு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

எல்லோரும் வீரபாகுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டை எடுத்து, வியர்க்காத கழுத்தைத் துடைத்தார்.

"அந்தக் கொப்பு... அது யாரையும் ஒண்ணும் செய்யலையே."

மதிலுக்கு மேலே வாத்தியாரின் தலை எழும்பியது. அந்தப் பக்கம் எதன்மேலோ ஏறி நின்றிருக்க வேண்டும். "வத்தல்ல இலை விழறதுன்னு நீங்கதானே அண்ணாச்சி, வருஷக்கணக்காச் சொல்லிண்டிருந்தேள்?"

"விழுது. இலைன்னா விழத்தான் செய்யும். நான் ஏசத்தான் செய்வேன். அதுக்காக?" வீரபாகுவின் குரல் இறங்கிவிட்டது. "வெட்டணும் வெட்டணும்னு நான் சொன்னது நெசந்தான், சார்வாள். வெட்டிருவாகன்னு நினைக்கல."



வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "நானும்தான் வெட்டுங்கோன்னு சொல்லிட்டு, நீங்க வேண்டாம்னு சொல்வேள்னு நின்னுண்டிருந்தேன். நீங்க 'சரி, சார்வாள்'னுட்டேள்."

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாச் சொல்லுங்க. நான் அந்தரத்துல நிக்கேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

சண்முகவடிவு முன்னால் வந்தாள். கூரையில் கொப்பு விழுந்த அன்று அதன் கீழே நின்றவள் அவள்தானே.

"சிலுவையண்ணே, இந்த மரம் நின்னா இனியும் ஆபத்து உண்டா? உள்ளதச் சொல்லும்."

"உள்ளதச் சொன்னா எனக்குல்லா நட்டம்!"

"பரவால்ல, சொல்லும்."

சிலுவை ஒரு கொப்பிலிருந்து இன்னொரு கொப்புக்குத் தாவிப் போய்த் தட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் பெரும் போராட்டம் நடந்தது. விற்கப் போகும் விறகு ஒரு பக்கம் இழுத்தது. கூட்டத்தின் முன்னால் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசை மறுபக்கம் இழுத்தது. ஆசை ஜெயித்தது.

"பட்ட கொப்பு இறங்கிட்டு. குடோன் மேல நிக்கதுல ஒரு வெடிப்பு இருக்கு, அதை எடுக்கணும். சாய்ஞ்ச பக்கம் கொஞ்சம் பாரத்தைக் குறைக்கணும். மத்தபடி அடிமரம் கல்லு, தாயி! மாதா சத்தியமாச் சொல்லுதேன், நம்ம எல்லாரையும் அனுப்பி வச்சுட்டுத்தான் இது போவும்."

"அப்பம் அதை மட்டும் செய்யி. கட்டைக்குப் பதிலாக் கூலி நான் தாரேன்" என்றார் வீரபாகு.

"அதெப்படி? மரம் என்னுது. கூலி நான்தான் கொடுப்பேன்" என்றார் வாத்தியார்.

"மரம் உங்களுது, சார்வாள். நிழல் என்னுதுல்லா!"

"நிழலுக்குக் கூலி கொடுப்பாளோ?"

"சண்டை வேண்டாம்" என்று சிலுவை பெருந்தன்மையாகச் சொன்னான். "நான் ரெண்டு பேருட்டயும் வாங்கிக்கிடுதேன்."

மத்தியானத்துக்குள் வெடித்த கொப்பு இறங்கிவிட்டது. சாய்ந்த பக்கத்தைப் பக்குவமாகக் கழித்து, அறுத்த வாய்களில் தார் பூசிவிட்டு, இறங்கிய கட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சிலுவை புறப்பட்டான். அவன் தொப்பி தெருமுனை திரும்பும் வரை கூட்டம் கூடவே போயிற்று.

வெயில் தாழ்ந்ததும் வாத்தியார் வாசல் வழியாக மறுபடி வந்தார். மரத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்காரவும் செய்தார். சண்முகவடிவு தயங்கியபடியே கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வெளியில் எங்கும் வாய் நனைக்காத மனிதர் அவர். தம்ளரை ஒரு நிமிஷம் பார்த்தார்; பிறகு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் சூடா இருக்குமோ?" என்று கேட்டார். சண்முகவடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அங்க காப்பி நன்னாயிருக்கா?"

வாத்தியார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். குடோன்மேல் நின்ற கொப்பு போன இடத்தில் மரத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது. அதன் வழியே மாடியில் துணி எடுக்க வந்த ஆதிலக்ஷ்மி தெரிந்தாள்.

"சர்க்கரைதான் ரேஷனாப் போச்சே, கருப்பட்டி போட்டுத் தரேன்னு நான் சொன்னப்போ, கஷாயம்னு சொல்லித் தம்ளரைத் தள்ளினேளே?"

வாத்தியார் வாயில் இருந்த காப்பியை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வீரபாகு உதவிக்கு வந்தார்.

"சார்வாள் மருந்துக்காகக் குடிக்காக, அம்மா. காலையிலருந்து ஒரே பிராணாயாமமாம்."

"அப்படியா? மருந்தை நாள் தவறாமக் குடிக்கணுமோன்னோ? எங்காத்துக்கும் கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கோ, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, உதறிய வேட்டியை மடித்துக்கொண்டு ஆதிலக்ஷ்மி உள்ளே போனாள்.

சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். வாத்தியார் மிச்சக் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.