ரோட்னியின் நோட்டு

ஒடெஸாவின் பியூட்டி பார்லரில், முடியை நீட்டிவிடும் சூட்டுச் சீப்பு என் காதருகே வந்தபோதுதான் ரேடியோவில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். எங்கள் பிராங்க்ஸ் பேட்டை பூராவும் ஒரு வாரமாக அதே பேச்சு: நம் தெருப் பையன்களின் ராப் இசைத்தட்டாக வந்துவிட்டதாம். எனக்கு அதுதான் முதல் தடவை. இடது கையில் மைக் பிடிப்பவன் நான், லிஃப்ட் செத்துப்போன கட்டடத்தில் நாலு மாடி ஏறுபவன் நான் என்று ஒருவன் அடுக்கிக்கொண்டே போனான். குரல் எங்கள் தெரு லாமான்டுடையது. அவன் வலது கைக்காரன், குடியிருப்பதோ தரைத்தளம். சட்டென்று தலையைத் திருப்பினேன், சீப்பு காதைச் சுட்டுவிட்டது.

அந்த நாலு மாடியையும் ஏறி வீட்டுக்குப் போனேன். தம்பி ரோட்னி சூப்பர் மார்க்கெட் சீருடையோடு கட்டிலில் படுத்திருந்தான்.

“லாமான்ட்கிட்ட உன் பாட்டு நோட்டைக் குடுத்தியாடா?”

“பார்க்குல நான் பாடுறப்ப ஸ்பீக்கர் தூக்குறவன்க்கா. கேட்டான், குடுத்தேன். சனிக்கிழமை பார்க்குக்கு வந்தா ஓசியிலயே கேக்கலாம், இதைப் போய் எவன் ரெக்கார்டாப் போடுவான்னு நெனச்சேன்.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம்.

“உன்னோடதுன்னு நாலு பேர்கிட்டச் சொல்லேன்.”

“சொல்ல மாட்டேன். பாடுறேன். கேட்டா தெரியாதா, யாருதுன்னு?”

சனிக்கிழமை மதியம் பார்க்கில் விளக்குக் கம்பத்திலிருந்து கரன்ட் இழுத்து ஸ்பீக்கர்களை அலறவிட்டார்கள். ரோட்னி இடது கையில் மைக்கை எடுத்தான். முதல் அடிக்கே கூட்டம் துள்ளியது. அடுத்த அடியை அவனுக்கு முந்தி அவர்களே கத்தினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் எழுதியது அத்தனை வாயிலும் இருந்ததே.

“மீன் பொரிக்கிற வெல்மாவோட தம்பி” என்றான் ரோட்னி.

“செல்மா” என்றது கூட்டம்.

வெல்மா நான்தான். அவனுடைய கோழிக் கிறுக்கலில் முதல் எழுத்தை லாமான்ட் தப்பாகப் படித்து, ரெக்கார்டிலும் அப்படியே பாடித் தொலைத்திருக்கிறான். என் பக்கத்தில் நின்ற பெண் வாயருகே கையைக் குவித்துக் கூவினாள்.

“வெல்மா இல்லப்பா, செல்மா. ரெக்கார்டை ஒழுங்காக் கேட்டுட்டு வந்து பாடு.”

சுற்றிலும் சிரித்தார்கள். ரோட்னி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். நான் என்ன ஜாடை காட்டுவது? தாளம் ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அந்த அடியை மறுபடி எடுத்தான்.

“செல்மாவோட தம்பி” என்றான்.

பூங்காவே கைதட்டியது.

“இப்பதான் சரியாப் பாடுறான், பாரு” என்று அந்தப் பெண் என் தோளில் இடித்தாள். நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.