லீவு நாள் மாத்திரை

இரும்புக் கிடங்கில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறி உட்கார்ந்தால், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இறங்கமாட்டார். மற்ற ஆபரேட்டர்கள் மூத்திரம் போவதற்காக நடுவில் ஏணியைப் பிடித்து இறங்கி ஏறும்போது கீழே லாரிக்காரர்கள் முனகுவார்கள். அவரைப் பார்த்து யாரும் முனகியதில்லை. யாரோ விளையாட்டாக வைத்த பெயரை அவர் பட்டம்போல வைத்துக்கொண்டார். அவர் மனைவிகூட கோபம் வந்தால், ஒட்டகப் பெருமையைக் கிடங்கு வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வாள்.

அவள் ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றே வேலை. நின்று வருகிற கால் வீக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அவர் காலைப் பார்த்ததும் இது வேறு என்று பிடிபட்டது. சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் பள்ளமாக ஒரு வளையம் கிடந்தது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி மேடாகவே மனமில்லாமல் கிடந்தது. ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவரே ஒரு நாள் வாய்தவறிச் சொன்னார். சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடக்கிறது, இதயமும் சோர்ந்திருக்கிறது, அதனால் உடம்பில் நீர் தங்குகிறது என்றார் டாக்டரம்மா. அந்த நீரை வெளியே தள்ளத் தினம் காலையில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். உப்பைக் குறைக்க வேண்டும், காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும், சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும், கை வலிக்கிறது கால் வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது, வாந்தி பேதி வந்தால் தாமதிக்காமல் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாத்திரை போட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்குமா? முதல் சில மணி நேரம் வரும், அப்புறம் அடங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

மாத்திரை ஆரம்பித்ததும் கால் வடிந்தது. செருப்பு மறுபடி சேர்ந்தது. ஆனால் கொஞ்ச நாளில் விசித்திரமாக, வார ஆரம்பத்தில் சரியாக இருக்கும் கால் வாரக் கடைசியில் உப்பிக்கொள்ளும். உப்புதான் காரணம் என்று நினைத்து அவள் சமையலில் இன்னும் கையைக் குறைத்தாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். எடை பார்ப்பதும் ரத்தப் பரிசோதனையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போயின. லீவு நாளில் மட்டும் அவர் பாத்ரூமே கதி என்று கிடப்பார். நம்ம வீட்டு ஓனர் அந்த ஒரு அறைக்கு மட்டும் வாடகை வாங்கினால் போதும் என்று அவள் கிண்டல் பண்ணினாள். அவரும் சிரித்தார். வேலை நாளில் ஏன் அப்படிப் போவதில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு லீவு நாளுக்கு முந்தின நாள் அவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கேயோ வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தார். டாக்டரம்மாவுக்கு போன் போடலாம் என்று அவள் சொன்னதற்கு, வயிற்றுப்போக்குக்கெல்லாம் இதய டாக்டரைக் கூப்பிட்டால் சிரிப்பார்கள் என்றார். மறுநாள் வயிறு சற்று அடங்கியது. ஆனால் கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் எண்ணெய் தேய்த்துவிட்டு, லீவு போட வழியில்லாமல் வேலைக்குப் போனாள்.

அதற்கடுத்த காலையில் அவர் கிளம்பி நின்றார். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. கட்டிலைவிட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். போக வேண்டாம் என்று அவள் கதவை மறித்தாள். வெளியே லாரி வரிசை கட்டி நிற்கிறது, தான் போகாவிட்டால் அவள் தம்பிதான் அங்கே திட்டு வாங்குவான் என்றார். அது பொய்யும் இல்லை. அவள் தம்பி அதே கிடங்கில், கிரேனுக்குக் கீழே, கம்பிக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டி மேலே சைகை காட்டுகிறவன். தாய் தகப்பன் போனபிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். மாமா மேலே இருந்தால் தலைக்கு மேல் கூரை இருக்கிற மாதிரி என்று சின்னவன் சொல்லுவான்.

அவள் விலகி வழிவிட்டாள்.

சலவைக் கூடத்து இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. மேற்பார்வைக்காரி வந்து தோளைத் தொட்டபோது விரிப்பு பாதி மடிப்பில் இருந்தது. கிடங்கில் விபத்து என்றார்கள். யாருக்கு என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் என்றார்கள்.

நடந்தது இதுதான். கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிரேன் நகர்ந்துகொண்டிருக்கும்போது கூண்டுக்குள் அவருக்குக் கண் இருட்டியது. உடம்பு முன்னால் சரிந்தது, லீவரிலிருந்து கை நழுவியது. கை எடுத்தால் கிரேன் நின்றுவிடும், நின்றது. ஆனால் சங்கிலியில் தொங்கிய இரும்பு நிற்கவில்லை. ஊஞ்சல் மாதிரி ஒரு வீச்சு வீசி, கம்பி அடுக்குக்குப் பக்கத்தில் நின்ற சின்னவனை அடுக்கோடு சேர்த்து அழுத்தியது. மேலே பார்த்துக் கத்தியிருக்கிறான். கத்தினால் கேட்கிற ஆள் மேலே இல்லை.

ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு மாடிகளில் இரண்டு பேரும் கிடந்தார்கள். மேலே தம்பியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தம்பி மனைவி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழே புருஷனுக்கு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கையில் ட்ரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதே டாக்டரம்மா வந்து, மாத்திரையை எப்படிப் போட்டார் என்று கேட்டார். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று அவள் சொன்னாள். அட்டை தீரத் தீரத் தானே வாங்கி வந்ததாகவும் சொன்னாள்.

கண்ணை மூடிக் கிடந்தவர் வாய் திறந்தார்.

"அவளுக்குத் தெரியாது டாக்டர். வேலை நாள்ல நான் போடுறதில்ல. லீவு நாள்ல சேத்துப் போட்டுக்குவேன்."

"சேத்துன்னா?"

"விட்டதுக்கெல்லாம் ஈடா. மூணு, நாலு."

மாத்திரை போட்டு ஏறிய முதல் நாள், அடக்க முடியாமல் மூன்று தடவை இறங்கியிருக்கிறார். கடைசித் தடவை ஏணியிலேயே பேன்ட் நனைந்துவிட்டது. ஒட்டகம் ஒழுகுது என்று எவனோ சொல்லக் கிடங்கே சிரித்தது. அதோடு வேலை நாளில் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பப் பழகிவிட்டார். பேதி நின்ற அன்றும் கால் வீக்கத்தைப் பார்த்துச் சேர்த்து விழுங்கினார். கெண்டைக்கால் வலிக்குக் கடையில் வலி மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாந்தியிலும் பேதியிலும் ஏற்கெனவே தண்ணீர் வற்றிய உடம்பு, அதன்மேல் அத்தனை மாத்திரை மிச்சத்தையும் இழுத்து வெளியே கொட்டியிருக்கிறது என்றார். ரத்தத்தில் பொட்டாசியம் விழுந்து இதயத் துடிப்பு தடம் புரண்டிருக்கிறது. வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை அடித்திருக்கிறது. ஒரு வேளை விட்டுப்போனால் விட்டதுதான், அதை ஒருபோதும் சேர்த்துப் போடக்கூடாது என்றார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்:

"மேல ஏறி உக்காந்தா இறங்க முடியாத வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேரத்தை மாத்திக் குடுத்திருப்பேன்மா. வேலை முடிஞ்சு வந்து போட்டுக்கிற மாதிரி. நானும் கேக்கல."

ஒரு வார்த்தை. மாடிப்படி ஏறும்போது அது அவள் காலைப் பிடித்து இழுத்தது.

சின்னவனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து பேசும் நிலைக்கு வந்ததும் அவன் முதலில் கேட்டது மாமாவைத்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்றாள். அவன் கண்ணில் நீர் முட்டியது.

"நான்தான்க்கா தப்பு. ஆள் நிக்கக்கூடாதுன்னு போட்ட கோட்டுக்கு உள்ள நின்னிருக்கேன் போல. மேனேஜர் அப்படித்தான் சொல்றாரு. பாவம் மாமா, மேல இருந்து அதைப் பாத்துதான் மயங்கி விழுந்திருப்பாரு."

தம்பி மனைவி அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என்றைக்கும் சொல்ல வராது என்று அக்காவுக்குப் பட்டது. போர்வை தட்டையாய்க் கிடந்த இடத்தைப் பார்க்காமல் சொன்னாள். மாத்திரையைச் சொன்னாள், லீவு நாளைச் சொன்னாள், காலையில் கதவை மறித்தவள் விலகியதையும் சொன்னாள்.

தம்பி மனைவியின் கை அப்படியே நின்றுவிட்டது. சின்னவன் கூரையைப் பார்த்தான்.

"இதை எதுக்குக்கா இப்ப சொன்ன?"

"சொல்லலைன்னா நீ காலம் பூரா உன்னையே திட்டிக்கிட்டுக் கிடப்பியே."

"இப்ப அவரைத் திட்டணும். அது இன்னும் கஷ்டமா இருக்கு." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "மாமாவை இங்க வர வேணாம்னு சொல்லிரு."

அவர் வரவில்லை. சிறுநீரகம் முழுசாகத் தேறவில்லை, ஆனாலும் வேலை செய்தது. வீட்டுக்கு வந்தபிறகு கிடங்குக்கு அவரே போய் மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். விபத்து அறிக்கையில், தப்பு சின்னவன் பேரில் இல்லை என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள். இவரைக் கிரேனிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது லாரிகளை எடை போடும் இடத்தில் உட்காருகிறார். மாத்திரையின் அளவைக் குறைத்து, நேரத்தையும் மாற்றிக் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. அவர் தினம் எடை பார்த்தார், சொன்ன நாளில் ரத்தம் கொடுத்தார். வீட்டில் அவளும் அவரும் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. கோபம் என்றுகூடச் சொல்லிவிட முடியாது. கோபப்பட்டால் அதற்குள் தானும் வர வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்றார். அவள் தடுக்கவில்லை, கூடவே நடந்தாள்.

தம்பி மனைவி கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்று அவளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சின்னவன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். கட்டைக் கால் பொருத்த இன்னும் நாள் இருந்தது. அவர் எதிரே சுவரோரம் உட்கார்ந்தார்.

சின்னவன்தான் முதலில் பேசினான். "கால் வீக்கம் எப்படி இருக்கு மாமா?"

"வடிஞ்சிருச்சு மாப்ளே." சொல்லி முடிப்பதற்குள் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

"அழாதீங்க. அழ வைக்கணும்னு கேக்கல." அவன் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஆனா உங்க முகத்தைப் பாத்து என்னால இன்னும் பேச முடியல. அடுத்த தடவை வரும்போது சொல்லிட்டு வாங்க."

திரும்பும் வழியில் கடைத்தெருக் கூட்டத்தில் இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். அடுத்த தடவை என்று அவன் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று அவளுக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. சாலையைக் கடக்கும்போது மட்டும், வண்டிகள் வேகமாக வந்ததால், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.