பல் டாக்டர் வாங்கிய சாக்லேட்

எட்டு மாதம். எண்ணித்தான் சொல்கிறேன். எட்டு மாதமாக என் வீட்டுக்காரர் கட்டிலின் அந்த ஓரத்தில் படுக்கிறார், நான் இந்த ஓரத்தில். நடுவில் ஒரு பஸ் போகலாம். சண்டை என்றால்கூடப் பரவாயில்லை, போட்டு முடித்திருப்போம். அதுவும் இல்லை. எனக்கு அந்த மனுஷன் வேண்டும். ஐம்பத்தொரு வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்?

நான் பல் டாக்டர். அவர் சாக்லேட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர். "இவர் கெடுப்பாரு, அவங்க அடைப்பாங்க" என்று எங்கள் கல்யாணத்திலேயே கேலி செய்தார்கள்.

வியாழக்கிழமை எங்கள் தெருத் தையல்காரம்மா கிளினிக்குக்கு வந்தார். கடைவாயில் மூன்றாவது சொத்தை. சாக்லேட்டை நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

"அத மட்டும் சொல்லாதீங்க டாக்டரம்மா. வீட்டுக்காரரும் நானும் ஆளுக்குப் பாதி சாப்பிடுவோம். அப்புறம்... என்னத்தச் சொல்றது, எங்களப் பாத்தா அறுபது வயசு மாதிரியா இருக்கு?"

"சாக்லேட் தின்னா ஆசை வரும்ங்கிறதெல்லாம் கட்டிவிட்ட கதைம்மா. யாரும் ஒழுங்கா நிரூபிக்கல," என்றேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பல்லை அடைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். அந்த வியாழக்கிழமை மாலையே முகத்தில் மாஸ்க்கோடு, திருடி மாதிரி கடைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே கறுப்பான சாக்லேட்டை வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை அவருக்கு அரை நாள்தான் வேலை. சாப்பிட்டு முடித்ததும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை என் கையாலேயே அவர் வாயில் வைத்தேன்.

கண்ணை மூடினார். ஆஹா, வேலை செய்கிறதே! நாக்கில் இந்தப் பக்கம் உருட்டினார், அந்தப் பக்கம் உருட்டினார், மூக்கால் மெல்ல மூச்சு விட்டார். பிறகு என் காபி டம்ளரை எடுத்து அதில் துப்பினார்.

"கொக்கோ வறுத்தது ஜாஸ்தி. கடைசில லேசாப் புளிப்பு. பத்துக்கு ஆறு."

வந்ததே எனக்குக் கோபம்!

"வாயத் திறங்க."

திறந்துவிட்டார், பழக்கதோஷம். தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்திருக்கும் ஆள் எதிர்த்துப் பேச முடியாது, என் தொழிலில் இருக்கிற ஒரே சுகம் அதுதான்.

"எட்டு மாசம்! நான் என்ன சுவரா? ஊருக்கெல்லாம் வேணாம் வேணாம்னு சொல்ற சாக்லேட்ட மூஞ்சிய மூடிக்கிட்டுப் போய் வாங்கினேனே, யாருக்காக? எனக்கு நீங்க வேணும்யா!"

அழுகை வந்துவிட்டது. கையை எடுத்தேன்.

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "கடைசியா உன் பக்கத்துல வந்தப்ப என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு இல்லை.

"'வாயெல்லாம் சாக்லேட் நாத்தம், பல் தேய்ச்சுட்டு வாங்க'ன்னே. தேய்ச்சுட்டு வந்தேன். 'ரெண்டு நிமிஷம் தேய்க்கணும், நீங்க அரை நிமிஷம்கூடத் தேய்க்கல'ன்னு திருப்பி அனுப்பினே. மறுபடி வந்து பாத்தா கொர்ருன்னு தூங்குறே. நாள் பூரா அதையே வாயில போட்டுத் துப்புற ஆளு நான், அந்த வாசம் எங்க போகும்? உனக்குப் பிடிக்கல போலன்னு ஒதுங்கிட்டேன்."

அடப்பாவி மனுஷா! இல்லை, பாவி நான்தான்.

மிச்சமிருந்த சாக்லேட்டை மொத்தமாக என் வாயில் திணித்துக்கொண்டு மென்றேன்.

"இப்ப ரெண்டு பேர் வாயும் ஒண்ணுதான்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அன்று நடுவில் சைக்கிள்கூடப் போக இடமில்லை.

கிளினிக்குக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக ஓடினேன். தையல்காரம்மா நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுச் சிரித்தேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"டாக்டரம்மா, முன்பல்லுல கறுப்பா என்னமோ ஒட்டியிருக்கே. பல் தேய்க்கலியா?"

"அதுக்கு ஏதும்மா நேரம்?" என்றேன். "நீங்க வாயத் திறங்க."