சீர் குறைந்த ஈரடி

முல்தான் டெபுடி கமிஷனர் சிப்தைன் நக்விக்கு, தான் கவிஞனா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். தெரியவிடுவதில்லை என்று ஊரே கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கில், அடுத்துப் பாட வேண்டியவருக்கு அடையாளமான மெழுகுவர்த்தியை அவர் முன்னால் நகர்த்தி வைத்ததுமே, அவர் வாயைத் திறக்குமுன் தாசில்தார் தலையாட்டத் தொடங்கிவிடுவார்.

அன்றும் அப்படித்தான். மாதக்கணக்கில் தூக்கம் தொலைத்து இழைத்த கஜலை நக்வி பாடினார். “வாஹ்! வாஹ்!” என்று பந்தல் அதிர்ந்தது. பாட்டுக்கா, பதவிக்கா என்று அவருக்கு விளங்கவில்லை. இதையும் பார்த்துவிடுவோம் என்று, வேண்டுமென்றே ஒரு சீரை விழுங்கிவிட்டு, நொண்டுகிற ஈரடி ஒன்றை அங்கேயே கட்டிச் சொன்னார். சந்தம் தெரிந்தவன் எவனுக்கும் பல் கூசியிருக்க வேண்டும்.

“இன்னொரு தடவை, ஹுசூர்!” தாசில்தார் எழுந்தே நின்றுவிட்டார். “இப்படி ஒண்ண இந்த ஜில்லாவே கேட்டதில்ல!”

“கேட்டிருக்காதுதான்யா” என்று நக்வி பல்லைக் கடித்தார்.

ஒருவர் மட்டும் மூச்சு விடவில்லை. ஊர்க் கவிஞர்களுக்கெல்லாம் பாட்டைத் திருத்திக் கொடுக்கும் உஸ்தாத் யாவர் மிர்சா, முன்வரிசையில் வெற்றிலையை மென்றபடி கல்லுப்போல உட்கார்ந்திருந்தார். அப்பாடா, ஒரு மனுஷன் இருக்கிறான் என்று நக்விக்கு உயிர் வந்தது. கூட்டம் கலைந்ததும், பதவியையும் மறந்து அவர் பின்னால் ஓடினார்.

“உஸ்தாத், நீங்க ஒருத்தர்தான் சும்மா இருந்தீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. நான் எழுதுறது கவிதையா?”

மிர்சா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஷெர்வானிப் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினார். “மருமகனோட மாந்தோப்புக்கு வாய்க்கால் தண்ணி முறை கெடைக்கல, ஹுசூர். எல்லார்கூடயும் நானும் கத்தியிருந்தா, என்னைத் தேடி வந்திருப்பீங்களா?”

நக்விக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் ஆசை விடவில்லை.

“சரி, மனு கெடக்கட்டும். கவிதை?”

“கையெழுத்த மொதல்ல போடுங்க. சொல்றேன்.”

பணியில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு கூடை மாம்பழம்கூட வாங்காத நக்வி, பேனாவை எடுத்தார். மனுவைப் படிக்காமலே போட்டார்.

மிர்சா அதை வாங்கி, மை காய ஊதி, பைக்குள் பத்திரப்படுத்தினார்.

“ரெண்டுமே ரத்தினம், ஹுசூர். அந்தக் கடைசி ஈரடி இருக்கே, அதுதான் உசத்தி.”