சர்ச்சிலிருந்து வந்தவள்

...சைரன் இல்லை, மேலே விளக்கும் சுழலவில்லை, அப்படியென்றால் அவசரம் முடிந்துவிட்டது என்றுதானே பொருள், அப்பா வீட்டு வாசலில் போலீஸ் கார் நிற்கிறது, காலை வெயிலில், வெள்ளையும் நீலமுமாக, யாரோ கழுவித் துடைத்து நிறுத்தியதுபோல, நான் என் காரைச் செம்பனை மரங்களின் ஓரத்தில் எப்படி நிறுத்தினேன், கதவைச் சாத்தினேனா, ரந்தாவ் ஊர்ப் பசாரில் வாங்கிய மீன் மட்டும் எப்படியோ கையில் வந்துவிட்டது, மீனைத் தூக்கிக்கொண்டு யாராவது சாவு வீட்டுக்குள் போவார்களா, அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா, பாதிரியாரிடம் யார் சொல்வது, நான்தான், வேறு யார் இருக்கிறார்கள், ஒற்றைப் பிள்ளை... கடைசியாக ஈஸ்டருக்கு வந்தது. இப்போது ஆகஸ்ட். நான் இருக்கும் பிஜே நகரிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது, ஆனாலும் ஆகஸ்ட். ஞாயிறு தவறாமல் போன் செய்தேனே, நல்லா இருக்கேன்லா, நீ ஒன் வேலையப் பாரு என்றாரே, அதைக் கேட்டதும் நானும் வேலையைத்தானே பார்த்தேன்.

உள்ளே அப்பா உயிரோடு இருந்தார். நாற்காலியில் சாய்ந்து, சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கையில் தேநீர்க் குவளையுடன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். சமையலறைத் தொட்டியருகே கருநீலச் சீருடையில் ஒருவர் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார், நெஞ்சில் குணாளன் என்று பெயர், இடுப்பில் துப்பாக்கி, விரல்களில் சோப்பு நுரை. பின்கதவில் இளவயது மலாய்க்காரக் கான்ஸ்டபிள் ஒருவர் புதுத் தாழ்ப்பாளை முடுக்கிக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது இந்த வீட்டில், போலீஸ்காரர் ஏன் எங்கள் குவளையைக் கழுவுகிறார், பழைய தாழ்ப்பாள் என்ன ஆனது, அப்பா நெற்றியில் அந்தத் தழும்பு எப்போது வந்தது... குணாளன் கையைத் துடைத்துக்கொண்டே, யார் அங்கிள் இவங்க என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நேராக, கண்ணுக்குள். பிறகு சொன்னார்.

"சர்ச்சுல இருந்து வந்திருக்காங்க."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? நான் ரேச்சல், ஆம்புரோசின் மகள் என்று சொல்ல எத்தனை சொற்கள் வேண்டும், தலை தானாக ஆடியது, ஞாபகம் போய்விட்டதா அப்பாவுக்கு, அந்த வியாதியா, போன ஞாயிறுகூடப் பேசினோமே... அது வியாதியாகவே இருக்கட்டும் என்று ஒரு கணம் மாதாவை வேண்டிக்கொண்டேன், சொந்தத் தகப்பனுக்காக எந்த மகளாவது இப்படி வேண்டுவாளா.

குணாளனுக்கு ஒரே மகிழ்ச்சி. சர்ச் ஆட்கள் அடிக்கடி வந்து போனால் நல்லது என்று என்னை வாசலுக்கு அழைத்துவந்து தாழ்ந்த குரலில் எல்லாம் சொன்னார். போன மாதம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தாராம். கைக்கு எட்டிய போனில் அவசர எண் 999ஐ அழுத்தியிருக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண், கண்ணை மூடவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாளாம், மலாயில் மாமா என்பதுபோல் பக்சிக் என்று கூப்பிட்டு, என்ன வேலை பார்த்தீர்கள், எந்த லாரி ஓட்டினீர்கள் என்று. பக்கத்தில் ரோந்து வந்த கார் இவர்களுடையது. பின்கதவை உடைத்து உள்ளே போய்த் தூக்கியிருக்கிறார்கள். ஆம்புலன்சில் குணாளனும் கூடவே ஏறிப் போயிருக்கிறார்.

"ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க அக்கா. யாருமே இல்லைன்னுட்டாரு. அதான் இந்தப் பக்கம் ரோந்து வரப்பல்லாம் ஒரு எட்டு பாத்துட்டுப் போறோம். எங்களுக்கு ஷிப்டு மாறுனாலும் வேற கார் வரும்லா, சொல்லி வச்சிருக்கோம்."

போன மாதம். ஒரு ஞாயிறு அப்பா போனை எடுக்கவில்லை, ஆமாம், மறுநாள் அவரே கூப்பிட்டார், சார்ஜ் இல்லை என்றார், பின்னால் யாரோ முனகும் சத்தம், சக்கரங்கள் உருளும் சத்தம், அது என்னப்பா என்றேன், டீவிம்மா என்றார். நம்பினேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள் என்றுகூடச் சொன்னேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த மனிதரிடம்... என் வாய் திறந்தது, நான்தான் அவர் மகள் என்று தொண்டைவரை வந்தது, ஆனால் குணாளன் என் கையில் தன் போன் நம்பரைத் திணித்து, எதுன்னாலும் கூப்பிடுங்க அக்கா என்றார், அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை, இந்த முகத்திடம் எப்படிச் சொல்வது, நீங்கள் தூக்கிய அந்த நாளில் நான் இருந்தேன், ஒன்றரை மணி நேரத் தூரத்தில், நன்றாகவே இருந்தேன் என்று. கார் செம்மண் பாதையில் திரும்பிப் போனது. அப்பா சன்னல் வழியாக அதற்குக் கையசைத்தார்.

"மீன ஃபிரிட்ஜுல வை ரேச்சல். கெட்டுப்போயிடும்."

பெயர் தெரிகிறது. வியாதி இல்லை. கடைசியாகப் பிடித்திருந்த கொம்பும் ஒடிந்தது. ஏன்பா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன், குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்கிறது. மகள் இருக்கிறாள் என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் உன்னைத்தான் கூப்பிடுவார்கள், நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்றார். அப்பாடா... எனக்காகத்தான், என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான், நெஞ்சு இளகிக் கண் நிறைந்தது, எத்தனை நல்லவர் என் அப்பா, அவர் முன்னால் மண்டியிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டேன், அவரும் என் தலையைத் தடவினார், தடவிக்கொண்டே, ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"அப்புறம் இந்தப் போலீஸ் பசங்க வரமாட்டாங்கல்ல."

அவர் கை என் தலைமேலேயே இருந்தது. நான் அசையவில்லை. இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன், இங்கேயே தங்குகிறேன் என்று சொல்லத்தான் காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன், சொல்லியும்விட்டேன், சொல்லும்போதே அவர் விரல்கள் நின்றுபோனதை உணர்ந்தேன். அப்பா சங்கடப்பட்டார், கடன் கேட்க வந்தவரிடம் இல்லை என்று சொல்லத் தயங்குபவரைப்போல. நாளைக்குக் காலையில் குணா வருவான் என்றார்.

"அதுக்குள்ள கெளம்பிடுவல்லம்மா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை, ஈஸ்டருக்கும் ஆகஸ்டுக்கும் கணக்குக் கேட்கவில்லை... கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.