நின்று நின்று அடித்த மணி

இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பிய ஊசியக்கா, செருப்பைக் கழற்றுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. பெரிய மருத்துவமனையில் அறுவைப் பிரிவின் தலைமை நர்ஸ் அவள்.

'ஊசியக்கா' என்பது பழைய தெருக்காரர்கள் வைத்த பெயர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், எந்தக் குழந்தை மூக்குக்குள் பட்டாணியைத் திணித்துக்கொண்டாலும், "ஊசியக்கா இருக்காங்களா?" என்று கதவைத் தட்டுவார்கள். தூங்க விடமாட்டேன் என்கிறார்களே என்று அப்போது சலித்துக்கொண்டவள்தான். லிஃப்ட் கம்பெனியில் பெரிய பதவிக்கு உயர்ந்த கணவர், ஆசை ஆசையாய் இந்தப் பணக்காரப் புறநகரில் வீடு வாங்கினார். அகலமான சாலை, கத்தரித்து விட்ட செடிகள், கை படாமல் தானே திறக்கும் கேட்டுகள். எல்லாம் இருந்தன. அவளைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

குடிவந்த புதிதில் ஒரு பழக்கூடையோடு போய் எதிர்வீட்டு மணியை அடித்தாள். கேட்டில் பதித்திருந்த ஒலிபெருக்கி, "டெலிவரியா? அப்படியே வெளிய வச்சிட்டுப் போங்க" என்றது. வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"கையெழுத்து வாங்காம வந்துட்டியே?" என்று கணவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அதன்பின் எந்த வீட்டு மணியையும் அவள் அடிக்கவில்லை.

இந்தத் தெருவில் அக்கம்பக்கம் என்பது கைபேசியில் இருக்கும் குடியிருப்போர் குழுதான். அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, வீட்டு எண்தான். ஒன்பதாம் வீட்டு நாய் குரைக்கிறது, பதினாறாம் வீட்டுக் கார் வழியை மறைக்கிறது என்று நாள் முழுக்கக் குறைகள் வந்து விழும். அவள் எல்லாவற்றையும் படிப்பாள். எதுவும் எழுதமாட்டாள்.

"இந்த வருஷத்துக்குள்ள யாராவது ஒருத்தர் என்னை 'உள்ள வாங்க'ன்னு கூப்பிடணும். இல்லைன்னா நான் பழைய தெருவுக்கே போயிடுவேங்க. வாடகை வீடா இருந்தாலும் சரி" என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முகம் வாடிவருவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று தலையணையில் தலை சாய்த்தாளோ இல்லையோ, பக்கத்து வீட்டுத் திருட்டு அலாரம் அலறத் தொடங்கியது. அங்கே கட்டட வரைபடம் போடும் ஒரு பெண்மணி தனியாக இருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். திமிர் பிடித்தவர் என்று தெருவில் பேச்சு.

காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நின்றது. கண் செருகும் நேரத்தில் மறுபடி அலறியது. ஆத்திரத்தோடு கைபேசியை எடுத்தாள். குழுவில் ஏற்கெனவே எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் முதல்முறையாக எழுதினாள்: "ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டு வந்திருக்கேன். மத்தவங்க தூங்க வேண்டாமா? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?"

உடனே கட்டைவிரல் படங்கள் குவிந்தன. 'சரியாகச் சொன்னீர்கள்', 'பாவம் நீங்கள்', 'உங்கள் பக்கம்தான் நாங்கள்'. அந்தக் களைப்பிலும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

"பாருங்க, இன்னிக்குத்தான் இந்தத் தெருவுல என்னையும் ஒரு ஆளா மதிச்சிருக்காங்க."

விடுமுறையில் வீட்டில் இருந்த கணவர் எட்டிப்பார்த்தார். "பரவாயில்லையே! யாரையாவது திட்டினாத்தான் சேத்துக்குவாங்க போல. சரி, நீ தூங்கு" என்று ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டுப் போனார்.

அலாரம் நின்றது. அடித்தது. இந்த முறை சற்று நேரம்தான். மறுபடி நின்றது.

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக வார்டில் கேட்டுப் பழகிய காது அது. பழுதான மணி ஒரே மாதிரி அடிக்கும். நோயாளி அமுக்கும் மணிதான் இப்படிக் களைத்து நின்று, மறுபடி அடிக்கும்.

"என்னங்க! அது அலாரம் இல்லைங்க. யாரோ கூப்பிடறாங்க. அந்தக் கேட்டு உள்ள இருந்துதான் திறக்கும். ஸ்டூலை எடுத்துட்டு வாங்க."

"அடுத்தவங்க வீட்டுச் சுவர்லயா ஏறப்போற? இந்த உடம்போடயா?"

"நீங்க பிடிச்சுக்கங்க. விழுந்தா எனக்கு நானே கட்டுப் போட்டுக்கறேன்."

சுவரேறி அந்தப் பக்கம் இறங்கினாள். பக்கத்து வீட்டின் பின்பக்கக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஏணி சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் கால் முறுக்கிக்கொண்ட நிலையில் அந்தப் பெண்மணி. பல்பு மாற்றப்போய் விழுந்திருக்கிறார். கைபேசி மாடியில் இருந்தது. கையில் சாவிக்கொத்து. அதில் தொங்கிய அலாரம் பொத்தானின் மேல் விரல் இன்னும் இருந்தது.

ஊசியக்கா மண்டியிட்டு நாடி பார்த்தாள். "காலை அசைக்காதீங்கம்மா. நான் நர்ஸ்தான். பயப்படாதீங்க." துணியை நனைத்து உதட்டில் ஒற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கணவர் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"யாராவது வருவாங்கன்னு அமுக்கிக்கிட்டே இருந்தேன்" என்றார் அந்தப் பெண்மணி மெல்ல. "அமுக்க அமுக்க, சுத்திலும் ஜன்னல் சாத்துற சத்தம்தான் கேட்டுச்சு."

ஊசியக்காவின் கை நின்றுவிட்டது. ஆண்டவனே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். "அதுல எங்க வீட்டு ஜன்னலும் உண்டும்மா. உங்களைத் திட்டிக்கூட எழுதினேன். மன்னிச்சிடுங்க."

அவர் இவள் கையைப் பற்றிக்கொண்டார். "நான் மட்டும் என்ன? அன்னிக்கு நீங்க பழக்கூடையோட எதிர்வீட்டு வாசல்ல நின்னதை மாடியில இருந்து பார்த்தேன். கூப்பிடலாம்னுதான் நினைச்சேன். என்னவோ கூச்சமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. தூக்குப்படுக்கையில் ஏற்றும்போது வலியோடு சிரித்தார். "நான் குணமாகி வந்ததும் கண்டிப்பா நம்ம வீட்டுக்கு வரணும். வாசல் வழியாவே வாங்க."

கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டம்மா வந்து நின்றார். "அப்பாடா, ஒருவழியா நின்னுச்சே! யாருங்க அந்தச் சனியனை நிறுத்தினது?" என்றவர், தூக்குப்படுக்கையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊசியக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கண்கள் எரிந்தன. தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"எங்க வார்டுல மணியை உட்கார்ந்த இடத்துல இருந்து நிறுத்த முடியாதுங்க. எழுந்து அந்தக் கட்டிலுக்குப் போனாத்தான் நிறுத்த முடியும். நாம எல்லாரும் உட்கார்ந்த இடத்துலயே நிறுத்தப் பார்த்தோம். நானும்தான். சேர்ந்து திட்டினா அது அக்கம்பக்கம் ஆகிடாதும்மா. சத்தம் வந்தா, என்னாச்சுன்னு எழுந்து போய்ப் பார்க்கறதுதான் அக்கம்பக்கம்."

எதிர்வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நான் ஏதாவது செய்யட்டுமாங்க?"

"இவங்க கூட நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வீடு திறந்து கிடக்கு, கொஞ்சம் பார்த்துக்கங்க." தானே மூடப்போன கேட்டை ஊசியக்கா கையால் தடுத்துப் பிடித்தாள். யாராவது தன்னிடம் சொல்லமாட்டார்களா என்று இத்தனை நாள் அவள் காத்திருந்த வார்த்தை, அவள் வாயிலிருந்தே வந்தது.

"ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க."